இடப்பக்கத்து நாற்காலி

எங்கே வலிக்கிறது என்று கேட்கப் பெரியவளுக்கு ஐந்து மொழிகள் தெரியும். அந்த ஐந்திலும் வேறு எதையாவது கேட்கச் சொன்னால் கொஞ்சம் தடுமாறுவாள்.

பெரியவள் என்பது வீட்டில் அவளுக்கு இருந்த பெயர். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே சமையலறையை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திய வீட்டில் அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். வெளியே அவள் ‘வார்டு அக்கா’. அரசு மருத்துவமனையில் ஆண்கள் வார்டு உதவியாளர். விரிப்பு மாற்றுவது, மலச்சட்டி வைப்பது, ஊட்டுவது, துடைப்பது, தானாகப் புரள முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது. இந்த வேலையில் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும். விலா எலும்பு முறிந்தவனை இடமிருந்து வலமாகத் திருப்பும்போது அவன் இலக்கணம் பார்த்துப் பேசமாட்டான். கல்லுடைக்க வந்தவர்கள், சாயப்பட்டறைக்கு வந்தவர்கள், படகு வேலைக்கு வந்தவர்கள் என்று அந்த ஊரில் பிழைக்க வந்த கூட்டமெல்லாம் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அவள் வார்டில் வந்து படுத்தது. அத்தனை பேரும் அவளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பேச்சைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மொழி சொல்ல மருத்துவர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். “இந்தாள் பீடியை விடலைன்னா அடுத்த தடவை பொணமாத்தான் வருவான். சொல்லு அவன்கிட்ட” என்பார் மருத்துவர். பெரியவள் படுக்கையின் பக்கம் குனிந்து, “டாக்டருக்கு உன் உடம்பை நெனச்சு ஒரே கவலை” என்பாள். நோயாளி பதிலுக்கு, “இந்த மூஞ்சிக்கு ஊசி போடத் தெரியுமான்னு முதல்ல கேளு” என்பான். பெரியவள் நிமிர்ந்து, “கொஞ்சம் பயமா இருக்காம், சார்” என்பாள். இரண்டு பக்கமும் காயமில்லாமல் கலைந்து போகும். அதுதான் அவள் கைப்பக்குவம். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

இந்த நேரத்தில்தான் சுற்றுச்சூழல் துறைக்குப் புதிதாக ஒரு பெண் இயக்குநர் வந்தார். நரைத்த கிராப்பு, தட்டைச் செருப்பு, பெரிய கைப்பை. வந்த உடனேயே அலுவலகத்தில் சொல்லிவிட்டார்: “நாம இங்கேருந்து அனுப்பற அறிக்கையை அங்க யாரும் படிக்கறதில்லை. அவங்க அங்கேருந்து போடற சத்தம் இங்க கேக்கறதில்லை. நானே போறேன்.” சொன்னபடி கிளம்பியும் விட்டார். தூசியால் நெஞ்சு கெட்டவர்களைப் பார்க்க வார்டுக்கு வந்தவர், ஒரு கையில் சிறுநீர்ப் பையும் மறு கையில் தண்ணீர்க் குவளையுமாக மூன்று கட்டில்களுக்கு நடுவே மூன்று மொழி பேசிக்கொண்டிருந்த பெரியவளைப் பார்த்தார். மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி, குடியிருப்புகளில் கூட்டம் நடக்கும் நாட்களில் அவளைத் தன்னோடு அனுப்பி வைக்கச் சொன்னார்.

இயக்குநருக்கு வலது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. அதனால் மொழி சொல்பவர் எப்போதும் இடப்பக்கம் உட்கார வேண்டும். மேடை கூடாது, மாலை கூடாது, ஒலிபெருக்கி கூடாது. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் இயக்குநர், அதை ஒட்டி இடப்பக்கத்து நாற்காலியில் பெரியவள். இயக்குநர் தலையைச் சாய்த்தால் அவருடைய முடி பெரியவளின் தோளில் படும். அவ்வளவு பெரிய அதிகாரி, அவ்வளவு கிட்டத்தில்.

போகிற இடமெல்லாம் இயக்குநருக்கு ஒரு பெயர் விழுந்தது. கல்லுடைப்புக் குடியிருப்பில் தூசியம்மா. சாயப்பட்டறைத் தெருவில் சாயத்தம்மா. குப்பைமேட்டுப் பக்கம் புகையம்மா. எந்தப் பெயர் ஆனாலும் பக்கத்திலிருப்பவளுக்கு ஒரே பெயர்தான்: அம்மா கூட வர்ற அக்கா. பெரியவளின் நடையே மாறிவிட்டது. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதுகூட, “நேத்து மேடம் என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா” என்றுதான் பேச்சு தொடங்கும். அவள் கணவன் டயர் கடை வைத்திருந்தான். ஒரு நாள் கேட்டே விட்டான்: “மேடம் சாப்பிடறதுக்குச் சொன்னாங்களா, இல்ல நானே போட்டுக்கலாமா?”

அவளுக்கு அது கிண்டலாகக்கூடப் படவில்லை. இத்தனை வருடம் அடுத்தவர் உடம்பைப் புரட்டியவளை முதல்முறையாக ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். அந்த நாற்காலியை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கல்லுடைப்புக் குடியிருப்பில் இரண்டாவது கூட்டம் வைத்தபோது சின்னவளும் கூட வந்தாள். அவள் பிறந்து வளர்ந்ததே அங்கேதான். காதலித்துக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள். அம்மா வீட்டைப் பார்த்து நாளாயிற்று, வண்டியில் இடம் இருந்தால் ஒட்டிக்கொள்கிறேன் என்றாள். பெரியவளும் மனமுவந்துதான் கூட்டிப் போனாள். தான் எங்கே உட்காருகிறோம் என்பதை ஓரகத்தி ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

கூட்டத்தில் ஓர் ஆள் எழுந்தான். பாறைத்தூள் படிந்த புருவம். கையை நீட்டி நீட்டிப் பேசினான். “எங்கப்பன் நெஞ்சுக்குள்ள கல்லை வச்சுக்கிட்டே செத்தான். அப்ப இந்தம்மா எந்த ரூம்ல தூங்கிட்டு இருந்தாங்க? இப்ப என்ன, போட்டோ எடுத்துக்க வந்தாங்களா?”

பெரியவள் இயக்குநரின் நல்ல காதுப் பக்கம் சாய்ந்தாள். “அவங்கப்பா தவறிட்டாராம், மேடம். மனசு கஷ்டத்துல இருக்கார். நீங்க வந்ததுக்கு நன்றி சொல்றார்.”

பின்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த சின்னவள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். “நன்றியா? அக்கா, அவர் எங்கக்கா நன்றி சொன்னார்?”

பெரியவள் இயக்குநரின் காதிலிருந்து விலகி உட்கார்ந்தாள்.

இயக்குநர் திரும்பினார். “வேற என்ன சொன்னார்? நீங்க சொல்லுங்க.”

சின்னவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. இருந்ததை இருந்தபடி, அந்த ஆள் கையை நீட்டியதையும் சேர்த்து நீட்டிச் சொல்லிவிட்டாள். தூங்கிட்டு இருந்தீங்களா என்ற இடத்தில் குரலைக்கூட அவனைப்போலவே உயர்த்தினாள்.

இயக்குநர் எழுந்து நின்றார். “நான் அப்ப வேற ஊர்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். ஆனா என் நாற்காலியில இருந்தவர் தூங்கினது உண்மை. இப்ப அது என் நாற்காலி. அதனால திட்டு எனக்குத்தான் சேரும். சொல்லுங்க அவர்கிட்ட.”

சின்னவள் சொன்னாள். அந்த ஆள் நீட்டிய கையை இறக்கினான். “பரவாயில்லை, இந்த நாற்காலியாவது முழிச்சிருக்கு” என்றான். சின்னவள் அதையும் அப்படியே சொன்னாள். இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை கூட்டங்களில் பெரியவள் அவர் பல்லைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். தண்ணீர் தெளிக்காமல் கல் அரைக்கும் இயந்திரம், மூடாமல் போகும் லாரி, பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் படியும் தூள் என்று எல்லாம் வெளியே வந்தது. முந்தைய கூட்டத்தில் வராதது எல்லாம் வந்தது. நடுவில் ஒரு முறை இயக்குநர் பெரியவளைப் பார்த்து, “ஒரு நிமிஷம் இடம் மாறி உட்காருங்களேன்” என்றார். கூட்டம் முடியும்வரை அந்த ஒரு நிமிஷம் முடியவில்லை.

திரும்பும்போது வண்டியில் இயக்குநர் சொன்னார்: “நீங்க ரெண்டு பக்கமும் வலிக்கக்கூடாதுன்னு பாக்கறீங்க. புரியுது. ஆனா எனக்கு வலிக்கணும். வலிச்சாத்தானே எங்கேன்னு தெரியும்?”

வார்டில் ஆயிரம் பேரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டவள், “சரிங்க மேடம்” என்றாள்.

அடுத்த கூட்டத்திலிருந்து இடப்பக்கத்து நாற்காலி சின்னவளுடையது.

பொறாமை காய்ச்சல் மாதிரி அல்ல. தெர்மாமீட்டரில் ஏறாது. அது படுக்கைப் புண் மாதிரி. ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் வரும், வந்தவர் கண்ணில் படாத இடத்தில் வரும், யாராவது துணியை விலக்கிப் பார்த்தால்தான் எவ்வளவு ஆழம் என்று தெரியும். பெரியவளுக்கு அது எல்லாவற்றிலும் வந்தது. சின்னவள் சீப்பை எடுத்துத் தலை வாரினால் வந்தது. சின்னவளின் கைப்பேசி ஒலித்து, “சொல்லுங்க மேடம்” என்று அவள் வாசல் பக்கம் போனால் வந்தது. இயக்குநர் தன் பேனாவைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு மறந்து போனார். அந்தப் பேனா அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. பெரியவள் உப்பு எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்ததால் உப்பே போடாமல் ஒரு நாள் சமைத்து வைத்தாள்.

“என்ன இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடா?” என்றான் கணவன்.

“உங்க தம்பி பொண்டாட்டியைக் கேளுங்க. இப்ப எல்லாம் தெரிஞ்சவ அவதானே.”

“அவ என்ன பண்ணுவா? கூப்பிட்டாங்க, போறா.”

“நான் கூட்டிட்டுப் போனேன். வண்டியில ஓரமா உக்காந்து வந்தவ. இப்ப எனக்கே வழி சொல்றா.”

அவன் மூக்கை உறிஞ்சினான். “ஏதோ கருகற வாசனை வருதே.”

“அடுப்பை எப்பவோ அணைச்சாச்சு.”

“அடுப்பு இல்லை, உன் வயிறு. கடையில டயர் எரிஞ்சாக்கூட இப்படிப் புகையாது. உங்க மேடத்துக்கு ஒரு புகார் எழுதிப் போடட்டுமா? அவங்க துறைதானே.”

அவள் தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள். அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

படகுக் குடியிருப்பின் முறை வந்தது. அங்கே ஒரு பொதுக் கிணறு. மேலே இருக்கும் சாயப்பட்டறைகளின் கழிவு மண்ணுக்குள் இறங்கி அந்தத் தண்ணீரில் கலந்துவிட்டது. சோதனையில் உறுதியானது. குடிக்கிறவர்களுக்குத் தோலில் சொறி, வயிற்றில் கடுப்பு. கிணற்றைக் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிட்டுக் குழாய்த் தண்ணீர் கொடுப்பது துறையின் திட்டம். ஆனால் அந்த மக்கள் சம்மதிக்காமல் மூட மாட்டேன் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

சின்னவள் கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒரு ஐஸ் கிடங்கில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள். பேச்சு ஓரளவு வரும். பெரியவள் அளவுக்கு வராது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெரியவளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, ஊத்துக்கு அவங்க பேச்சுல என்ன சொல்லுவாங்க?”

பெரியவள் சொன்னாள்.

“மூடறதுக்கு?”

அதையும் சொன்னாள். கழிவு, சொறி, குழாய், பலகை என்று கேட்டதற்கெல்லாம் சொன்னாள். வார்த்தை சொல்லிக் கொடுப்பதில் அவள் கஞ்சத்தனம் காட்டவில்லை. அப்படிக் காட்டியதாக யாரும் பிறகு சொல்லிவிடக்கூடாது அல்லவா.

“வேற ஏதாவது பாத்து நடந்துக்கணுமாக்கா? அவங்ககிட்ட எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. நீதான் அவங்களோட வருஷக்கணக்கா இருந்திருக்கே.”

பெரியவளின் கத்தி ஒரு கணம் நின்றது. சொல்வதற்கு ஒன்று இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது.

“என்னத்தைப் பாத்து நடந்துக்கறது? மனுஷங்கதானே. அவங்க பேசினா நீ பேசு” என்று சொல்லிவிட்டு நறுக்கினாள். வெங்காயம் ஆனதால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வசதியாக இருந்தது.

கூட்டத்துக்குப் பெரியவளையும் வரச் சொன்னார் இயக்குநர். “நீங்க பின்னாடி உக்காருங்க. உங்களுக்கு இவங்களை நல்லாத் தெரியும். நாங்க ஏதாவது தவறவிட்டா உடனே குறுக்க வந்து சொல்லிடுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.”

வலை உலர்த்தும் கொட்டகையில் கூட்டம். தார்ப்பாய்க் கூரை, காலடியில் மீன் செதில், ஓரமாகச் சுருட்டி வைத்த கயிறு. பெண்கள்தான் நிறைய. பெரியவள் கடைசி வரிசைக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் இயக்குநரின் தலையும் சின்னவளின் தலையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தெரிந்தன.

சின்னவள் நன்றாகத்தான் பேசினாள். சோதனையைச் சொன்னாள், சொறியைச் சொன்னாள், பலகையைச் சொன்னாள், குழாயைச் சொன்னாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை திக்கினாலும் விஷயம் போய்ச் சேர்ந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். முன்வரிசை ஆட்டியது, பின்வரிசை ஆட்டியது, கைக்குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தவளும் சேர்த்து ஆட்டினாள். மூடலாமா என்று கேட்டபோது எல்லாத் தலையும் ஆடியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பெரியவளுக்குத் தெரியும். அந்த மக்கள் தலையாட்டினால் காதில் விழுந்தது என்று பொருள், அவ்வளவுதான். சம்மதம் என்றால் வாயைத் திறந்து சொல்லுவார்கள். வார்டில் அவள் இதைக் கற்றுக்கொண்ட விதம் எளிது. மாத்திரையை விழுங்கு என்றால் படகுக்கார நோயாளி தலையாட்டுவான். தலையணை உறையைக் கழற்றும்போது மாத்திரை அத்தனையும் கீழே கொட்டும். அதற்குப் பிறகு அவள் படகுக்காரர் கட்டிலருகே நின்று, “தலை வேணாம், வாயால சொல்லு” என்று கேட்காமல் நகர்ந்ததில்லை.

இப்போது எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இயக்குநர் கண்ணை உயர்த்திப் பின்வரிசையைக்கூடப் பார்த்தார், ஏதாவது உண்டா என்று. பெரியவள் அந்தப் பார்வையைச் சந்தித்தாள். அவள் வாய் திறக்கவில்லை. சின்னவள் எப்படிப் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் நிமிரட்டும் என்று நினைத்தாள்.

“எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, மேடம்!” என்றாள் சின்னவள்.

வீடு திரும்பும்போது பெரியவளுக்கு வெகுநாள் கழித்துப் பசித்தது. நன்றாகச் சாப்பிட்டாள். தூங்கவும் தூங்கினாள். இதையெல்லாம் மறைத்து எழுதுவதில் பயனில்லை.

பலகை ஏற்றிய லாரி போன காலையில் சின்னவளின் கைப்பேசி விடாமல் ஒலித்தது. எடுத்துப் பேசியவள் சமையலறைக்கு ஓடி வந்தாள். “அக்கா, லாரியை விடமாட்டேங்கறாங்களாம். கிணத்து மேல ஏறி உக்காந்துட்டாங்களாம். ஒத்துக்கிட்டுத்தானே அக்கா போனாங்க? நீயும் பாத்தியே!”

“போய்ப் பாப்போம்” என்றாள் பெரியவள். அவளுக்கு உள்ளுக்குள் ஒன்று குதித்தது. வெளியே முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவள்தான்.

கிணற்றின் சுற்றுச்சுவர் மேல் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். லாரி ஓட்டுநர் வண்டிக்கடியில் நிழலில் படுத்துவிட்டான். இயக்குநர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். யார் மேலும் கோபப்படவில்லை, களைத்திருந்தார். “நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க, இப்ப ஏன் வேணாங்கறீங்கன்னு கேளுங்க” என்று சின்னவளிடம் சொன்னார். சின்னவள் கேட்டாள். உடனே சுவர் முழுக்க ஒரே கூச்சல். யார் ஒத்துக்கிட்டது, எப்ப ஒத்துக்கிட்டது என்று ஆளுக்கொரு குரல். பயத்தில் சின்னவளுக்குத் தெரிந்த வார்த்தையும் மறந்து போனது.

அப்போது சுவரிலிருந்து ஒருத்தி இறங்கினாள். வலை பின்னுகிறவள். அவள் கணவன் முதுகு முறிந்து வார்டில் கிடந்த மாதங்களில் அவனைப் புரட்டிப் போட்டதும் துடைத்ததும் பெரியவள்தான். அவள் இயக்குநரைப் பார்க்கவில்லை, சின்னவளையும் பார்க்கவில்லை. நேராகப் பெரியவளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“என் புருஷன் தலையாட்டினா நீ விடுவியா?” என்று தன் மொழியில் கேட்டாள். “‘வாயால சொல்லு, வாயால சொல்லு’ன்னு அவன் உயிரை வாங்குவியே. அன்னைக்கு நாங்க இத்தனை பேரும் தலையாட்டினோம். நீ கடைசி நாற்காலியில உக்காந்து வேடிக்கை பாத்தே. உனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லாத. அந்தச் சின்னப் பொண்ணுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ எங்க ஆளுன்னு நெனச்சுத்தான் நாங்க சும்மா இருந்தோம்.”

பெரியவள் லாரியின் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

“என்ன சொல்றாங்க?” என்று கேட்டார் இயக்குநர்.

“வேகமாப் பேசறாங்க மேடம்” என்றாள் சின்னவள், கிட்டத்தட்ட அழுகையில். “கடைசி நாற்காலின்னு என்னமோ வருது. எனக்குப் பிடிபடலை. அக்கா, நீ சொல்லேன்.”

இயக்குநரோடு வந்தவர்களில் அந்தப் பேச்சு முழுதாகப் புரிந்தவள் பெரியவள் ஒருத்திதான். ரொம்ப வருத்தமா இருக்காங்க, மேடம். அவ்வளவு சொன்னால் போதும். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. சொல்லிவிட்டால் தப்பு சின்னவளோடது என்றே நிற்கும், நாற்காலி தானாகத் திரும்பி வரும். வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. ஆயுசு முழுக்கச் சொல்லிப் பழகிய வாக்கியம்.

வலை பின்னுகிறவள் நகராமல் நின்றாள். அவளுக்கு இயக்குநரின் மொழி தெரியாது. ஆனால் பெரியவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஊசி போடுகிறவர் கையைப் பார்ப்பதுபோல.

பெரியவள் இயக்குநரின் இடப்பக்கம் போய் நின்றாள்.

“இவங்க என்னைத் திட்டறாங்க, மேடம்” என்றாள். “தலையாட்டினா இவங்களுக்குச் சம்மதம்னு அர்த்தம் இல்லை. காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். அது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் கடைசி நாற்காலியில உக்காந்து வேடிக்கை பாத்தேன்னு சொல்றாங்க. எங்க ஆளுன்னு நெனச்சோம்னு சொல்றாங்க. இவ்வளவுதான் சொன்னாங்க. நான் எதையும் விடலை.”

இயக்குநர் அவள் பக்கம் திரும்பினார். “உண்மையா?”

“உண்மைதான்.”

“ஏன் சொல்லலை?”

“சின்னவ தப்புப் பண்ணணும்னு இருந்துச்சு. எனக்கு அந்த நாற்காலி வேணும்.”

சின்னவள் வாயைப் பிளந்தபடி அவளைப் பார்த்தாள். சுவர் மேலிருந்த பெண்களுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்தது. கூச்சல் அடங்கியது.

இயக்குநர் தன் கைப்பையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “சரி” என்றார் அவர். “அது நாம பின்னாடி பேசிக்கலாம். இப்ப இந்தம்மாகிட்ட கேளுங்க, எதுக்கு மூடக்கூடாதுன்னு. வாயால சொல்லச் சொல்லுங்க.”

பெரியவள் கேட்டாள். வலை பின்னுகிறவள் சொன்னாள். இடையில் ஒரு முறை பெரியவளின் குலத்தையே இழுத்தாள். பெரியவள் அதையும் சொன்னாள். விஷயம் இவ்வளவுதான்: குழாயில் தண்ணீர் விடுவது விடிந்த பிறகு. இந்தக் குடியிருப்பில் விடிவதற்குள் ஆணும் பெண்ணும் படகுத் துறைக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது குழாய் காய்ந்து கிடக்கும். கிணற்றையும் மூடிவிட்டால் எதைக் குடிப்பது?

“குழாய்த் தண்ணியைப் பிடிச்சு வைக்க ஒரு தொட்டி கட்டினா?” என்று கேட்டார் இயக்குநர்.

பெரியவள் கேட்டாள். அவர்கள் தலையாட்டினார்கள்.

“வாயால” என்றாள் பெரியவள்.

“கட்டி, நெறைஞ்சு, நாங்க குடிச்சுப் பாத்த பிறகு மூடு” என்றாள் வலை பின்னுகிறவள். சுவர் முழுக்க, “ஆமா, ஆமா” என்று வாயால் வந்தது. ஓட்டுநர் எழுந்து பலகையைத் திருப்பி எடுத்துப் போனான்.

வண்டியில் இயக்குநர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். ஓரகத்திகள் இருவரும் பின்னால், நடுவில் கைப்பை.

“நான் கீழ விழணும்னு அவ்வளவு ஆசையாக்கா உனக்கு?” என்றாள் சின்னவள், சன்னலைப் பார்த்தபடி.

“ஆசைதான்.”

“வார்த்தையெல்லாம் உக்கார வச்சு சொல்லிக் குடுத்தியே.”

“அதனாலதான் குடுத்தேன். வேற ஒண்ணைக் குடுக்காம இருக்கறதுக்கு.”

“இப்பவும் இருக்கா, அந்த ஆசை?”

பெரியவள் யோசித்துப் பார்த்தாள். “கொஞ்சம் இருக்கு.”

“நல்லாருக்கு போ” என்றாள் சின்னவள். பிறகு வீடு வரை அவளோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் பேசவில்லை. ஒரே அடுப்பில் இரண்டு பேரும் தனித்தனியாகச் சமைத்தார்கள். டயர் கடைக்காரன் எந்தப் பாத்திரத்திலிருந்து போட்டுக்கொள்வது என்று தெரியாமல் வெளியில் சாப்பிட்டான்.

இயக்குநர் பெரியவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். வேலையை விட்டு எடுக்கப்போகிறார் என்று அவள் தயாராகத்தான் போனாள். அவர் அப்படிச் செய்யவில்லை. “கூட்டத்துல சின்னவங்களே உக்காரட்டும். உங்களை என் பக்கத்துல வச்சுக்க என்னால இப்ப முடியாது. நீங்க சொல்றது முழுசுதானான்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்கத் தோணும்” என்றார். “ஆனா கூட்டத்துக்கு முன்னாடி யாராவது வீடு வீடாப் போய், நான் கூட இல்லாம, என்ன வேணும்னு கேக்கணும். என் முன்னாடி சொல்லாததை உங்க முன்னாடி சொல்லுவாங்க. திட்டுவாங்க. அதை அப்படியே கொண்டு வரணும். போறீங்களா?”

நாற்காலி போய்விட்டது. இனி அது வராது. போங்க நீங்களும் உங்க வேலையும் என்று எழுந்து வந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. வார்டு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. ஆனால் சுவரிலிருந்து இறங்கி வந்து நின்றவளின் முகம் அவளை விடவில்லை.

“போறேன்” என்றாள்.

முதலில் போனது வலை பின்னுகிறவளின் வீட்டுக்குத்தான். கதவு திறந்திருந்தது. வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். பெரியவள் வாசலில் வெயிலில் நின்றாள். வார்டில் நின்றே பழகிய கால்கள், வலிக்கவில்லை. உள்ளே கட்டிலில் கிடந்தவன் அவளைப் பார்த்துக் கையை அசைத்தான். அவன் இடுப்பின் கீழ்த் துணி மடங்கிக் கிடப்பதைக் கவனித்து, “அந்த மடிப்பை எடுத்து விடு, புண்ணு வரும்” என்றாள் பெரியவள்.

வலை பின்னுகிறவள் எழுந்து போய் மடிப்பை எடுத்துவிட்டாள். திரும்பி வந்து ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமலே கேட்டாள்: “தொட்டி எங்க வருது?”

“எங்க வேணும்னு கேக்கத்தான் வந்தேன்.”

“அப்ப உள்ள வந்து கேளு. வாசல்ல நின்னா வெளிச்சம் மறைக்குது.”

பெரியவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் ஊரின் மறுகோடியில் சாயப்பட்டறைத் தெருவில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். சின்னவள் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பாள். இயக்குநர் எதற்காவது சிரித்திருப்பார். நினைத்தபோது குத்தத்தான் செய்தது. குத்தட்டும் என்று விட்டுவிட்டு, தொட்டிக்கு எந்தப் பக்கம் நிழல் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினாள்.